புலி மாஸ்டரும் தெருநாயும்

மேற்கு மலைகளில் உலவும் புலிகளைவிட, எங்கள் ஏரியா புலி மாஸ்டரின் ஒற்றை அறையில் உலவும் புலிகள் அதிகம். எல்லாம் போட்டோ பார்த்து வரைந்தவை. உயிருள்ள பூனை ஒன்று குறுக்கே வந்தால் போதும், பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிடுவார். உசிலம்பட்டியில் மாடுகள் அதிகம் என்றுதான் மதுரைக்குக் குடிவந்தாராம். மதுரைத் தெருக்களை முன்கூட்டியே வந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட வீரரிடம்தான் என் மகளைச் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்த்தேன்.

போட்டோவில் இருப்பதெல்லாம் படத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். இணையத்தில் எடுத்த சிறுத்தைப் படத்தின் குறுக்கே போட்டோக்காரர் தன் பெயரைப் போட்டிருந்தார். மாஸ்டர் அதையும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து பிசகாமல் வரைந்திருந்தார்.

"மாஸ்டர், யாரும் திருடக் கூடாதுன்னு போட்டது அது. சிறுத்தை மேல இருக்காது."

"நீங்க நேர்ல பாத்தீகளாக்கா?"

பார்க்கவில்லை. அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.

அவருடைய யானைக்கு வால் கிடையாது. கேட்டதற்கு, "போட்டோவுல முன்பக்கந்தான இருக்கு? பின்னாடி போய்ப் பாக்கச் சொல்றீகளா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மகளை அழைக்கப் போனேன். தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பார்த்துவிட்டேன். மாஸ்டர் வீட்டு வாசலில் மகள் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு நாய். எனக்குக் குரல் வரவில்லை, கால் நகரவில்லை.

கதவு திறந்தது. ஈரம் காயாத புலிப்படத்தைக் கேடயம்போல் பிடித்தபடி மாஸ்டர் வந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"பாப்பா, உள்ள ஓடு! ஏ நாயே, போயிரு! நான் ரொம்ப மோசமானவன்!" அழுகிற குரலில்தான் சொன்னார்.

மகள் உள்ளே ஓடிவிட்டாள். நாய் புலியைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. நிதானமாகச் சுற்றி வந்து மாஸ்டரின் கெண்டைக்காலைக் கவ்வியது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு கிடந்தவரிடம் கேட்டேன்: "இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு ஏன் மாஸ்டர் வெளிய வந்தீக?"

"பாப்பா நிக்குதுல்லக்கா."

அவ்வளவுதான் பதில். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தபடி, "நான் கண்ணையே தொறக்கல. நாயோட பல்லெல்லாம் தெரிஞ்சிருக்குமே, போட்டோ ஏதும் எடுத்தீகளா?" என்றார்.

இப்போதெல்லாம் வகுப்பு முடிவதற்கு முன்பே போய்விடுகிறேன். பயந்து பயந்துதான், பிஸ்கட்டைக் காட்டி நாய்களை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய் விடுகிறேன். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் டீ குடிக்க வெளியே வருவார்.

"இப்பல்லாம் இந்தத் தெருவுல நாயே இல்லக்கா," என்பார் நிம்மதியாக.

"ஆமா மாஸ்டர், நல்ல தெரு," என்பேன்.