மீசைக் கெளுத்தி சொன்ன சாட்சி

மனைவியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று நான் முடிவெடுத்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. முடிவெடுக்கும் பழக்கமும் இருந்தது.

மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். மனைவிக்கோ பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்த டெலிபோன் ஆபீஸ் வேலை ஞாபகம். நான் கடிகாரம் ரிப்பேர் செய்பவன். வீட்டு முன்னறைதான் கடை.

"நீங்க வீட்லதானே இருக்கீங்க. பாப்பாவைப் பாத்துக்கக் கூடாதா?"

கடுகை விடச் சின்னத் திருகாணியைப் பிடிப்பேனா, பிள்ளையைப் பிடிப்பேனா?

"பிள்ளை வளர்ப்பு தாயோட வேலை. இயற்கையே அப்படித்தான்," என்றேன். அவள் மறுநாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த வாரம் வளர்ப்பு மீன் விற்கும் மீன்கடைக்காரர் ஓடாத கைக்கடிகாரத்தோடு வந்தார். பேச்சுவாக்கில், "வீட்ல கெளுத்தி வளர்க்கலாமே சார், சுலபமா குஞ்சு பொரிக்கும். பெண்களுக்கு நல்லா பொழுது போகும்," என்றார். எனக்குப் பொறி தட்டியது. மீன் வந்தால் ஆபீஸ் மறந்துபோகும்.

மனைவியோடு கடைக்குப் போனேன். அவர் இரண்டு வகை காட்டினார்.

"இந்தக் குட்டைக் கெளுத்திக்கு மழை மாதிரி குளிர்ந்த தண்ணி ஊத்தினா போதும், கண்ணாடியில முட்டை ஒட்டிடும். ஆனா உடனே எடுத்துடணும். பெத்ததுங்களே தின்னுடும்."

"ஐயோ, வேண்டாங்க," என்றாள் மனைவி. "அந்த மீசை வெச்சதைக் கொடுங்க."

என் மீசை பிடித்துப்போய்க் கேட்கிறாள் என்று பூரித்துப்போனேன்.

தொட்டிக்குள் ஒரு மண்குழாய் போட்டோம். சில வாரத்தில் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து. மனைவி தன் அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டாள். நான் வாத்தியாராகிவிட்டேன்.

"உள்ள உக்காந்து வாலால விசிறுதே, அதான் அம்மாவா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்ல அத்தை, அது அப்பா. குஞ்சு நீந்துற வரைக்கும் இடத்தை விட்டு நகராது."

"அப்ப அம்மா?"

"அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்கப் போயிடும். இயற்கையே அப்படித்தான்."

எல்லாரும் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மனைவி மகளைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"அப்ப நாளைக்கு ஆபீஸ் போறேங்க."

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. கண்ணில் பூதக்கண்ணாடி, மடியில் மகள். சுவரெல்லாம் டிக் டிக் என்றால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் ஒன்றாய்த் திரும்பிப் பார்ப்போம். என் முடிவு நிலைத்திருந்தால் இதெல்லாம் எனக்குக் கிடைத்திருக்காது.

மகள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் அப்படியே கேட்கிறது. போன வாரம் மீன்கடைக்காரரைத் தெருவில் பார்த்தேன். அவருக்கும் வழுக்கை.

"நல்ல யோசனை சொன்னீங்க அன்னிக்கு," என்றேன்.

"என் யோசனை எங்க சார்? உங்க வீட்டம்மாதான் கடைக்கு வந்து, அப்பா பிள்ளையைப் பாத்துக்குற மீன் எதுன்னு விசாரிச்சாங்க. கடிகாரம் ரிப்பேர்னு போய்ப் பேச்சுக் கொடுங்கன்னு அவங்கதான் அனுப்பினாங்க. அந்தக் கடிகாரம் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. வர்ற வழியில சாவி கொடுக்கிற திருகை வெளியே இழுத்து நிறுத்திட்டு வந்தேன்."

அந்தக் கடிகாரத்தைத்தான் நான் அரை நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்திருந்தேன்.