மழைமேக நீலம்

"இந்தத் தடவையும் கறுப்புதானா?" என்றாள் மனைவி.

கலர் மாஸ்டர் கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் கரிமூட்டைக்குள் புரண்டு எழுந்தவைபோல நின்றன. பெயின்ட் கடையில் யார் எந்த நிறம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கலந்து கொடுப்பவர் அவர். சொந்த வீட்டுக் கோழியிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

அவர் ஆசைப்பட்டது வெளுத்த சாம்பல் நிறத்துக்கு. கடையின் நிற அட்டையில் அதற்கு 'மழைமேக நீலம்' என்று பெயர். மாஸ்டரும் வாய் நிறைய அப்படித்தான் சொல்வார்.

"தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. பிள்ளை மட்டும் எப்படிங்க நீலமா வரும்?"

"ரெண்டுக்குள்ளயும் அந்த நிறம் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்து சேர்ந்தாத்தான் வெளியே தெரியும். நாலுக்கு ஒண்ணாவது வந்தே ஆகணும்!"

"கொல்லை முழுக்கக் கூண்டு. ஈரத்துணி எல்லாம் கட்டில் மேல காயுது. அடுத்த தடவையும் கறுப்புன்னா, கோழி குடும்பத்தோட வெளியே!"

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கோழிகள் போனால் மாஸ்டருக்குப் பாதி உயிர் போன மாதிரி.

இன்னொரு வினோதமும் இருந்தது. கூண்டில் உடைந்த முட்டை ஓடுகள் அதிகம், குஞ்சுகள் குறைவு.

"பூனை வேலை!" என்று பல்லைக் கடித்தார்.

காலை நடை முடிந்து, துணிப்பையை மடித்தபடி வந்த மாமனார், "பூனைன்னா அப்படித்தான் மாப்பிள்ளை" என்று ஆறுதல் சொன்னார்.

மாஸ்டர் கூண்டுக் கதவில் மணி கட்டினார். காற்றடித்தாலே மணியும் அடித்தது. தெருவே தூங்கவில்லை. அடுத்த முட்டைகளை அடைகாத்த பெட்டைக்கோழியும் வெறுத்துப்போய் எழுந்துவிட்டது.

உடனே முட்டைகளை பல்பு எரியும் பெட்டிக்குள் மாற்றி, படுக்கையறையில் வைத்தார்.

"ஒண்ணு அந்த முட்டை இங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்!" என்று மனைவி தலையணையைத் தூக்கினாள்.

கடைசியில் பெட்டி மாமனார் அறைக்குப் போனது. வீட்டில் முதலில் கண்விழிப்பவரும் அவர்தானே.

"மாமா, உங்களை நம்பித்தான் இருக்கேன்."

"நிம்மதியாத் தூங்குங்க மாப்பிள்ளை. உங்க மனசு நோக விடமாட்டேன்."

குஞ்சு பொரிந்த அன்று மாஸ்டர் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தார். கறுப்பு, கறுப்பு, மறுபடியும் கறுப்பு. மாமனார் வழக்கம்போல நடைக்குப் போயிருந்தார். மனைவி கொடிக்கயிற்றோடு கொல்லையில் தயாராக நின்றாள்.

சேவலையும் பெட்டையையும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோழிக்கு இடமுள்ள உறவு ஒன்றே ஒன்று, தெருக்கோடியில் இருந்த மச்சான், மனைவியின் தம்பி. அவன் வீட்டுச் சுவருக்கு இவர் கலந்து கொடுத்த நிறம் காய்ந்ததும் வேறாகிப்போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை, போக்குவரத்தும் இல்லை. கோழிகளுக்காக மானத்தை விழுங்கிக்கொண்டு கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. கூடை கையிலிருந்து நழுவியது.

முற்றம் முழுக்க மழைமேக நீலம்! சேவலும் பெட்டையும் குஞ்சுமாக, வீட்டுக்காரர்கள்போல உலாவிக்கொண்டிருந்தன. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான்... இதெல்லாம் எங்கே வாங்கினே?"

"நான் எங்கே வாங்கினேன்? அதோ, அப்பாவைக் கேளுங்க அத்தான்."

மூலையில் குனிந்திருந்த மாமனார் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் அதே துணிப்பை. உள்ளே 'கீச், கீச்'.

"அடடா, பார்த்துட்டீங்களா? சோகை பிடிச்சு வெளுத்துப் பொறக்கறதை எல்லாம் பார்த்தா உங்க மனசு தாங்காதேன்னுதான் மாப்பிள்ளை, ஒவ்வொரு தடவையும் நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள இங்கே கொண்டுவந்து விட்டுடறேன். கவலையே படாதீங்க, நீலம் பொறந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்!"