பல்லால் பிரித்த தையல்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்கள், அம்மா, தையல் மெஷின் மூவரும் சுகம்தானே? நான் விமான நிலையத்தில் ஏழாம் எண் கதவருகே உட்கார்ந்திருக்கிறேன். ஒலிபெருக்கி கரகரத்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். இதோடு ஐந்து தடவை. போனில் சொல்லலாம்தான், பக்கத்து நாற்காலிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

நாளை பத்து மணிக்குள் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டின் முதல் பட்டம் வழியில் தொலைந்துவிடக் கூடாது என்று என் குர்தாவின் உள்பக்கம் ரகசியப் பை தைத்தீர்கள், சரி. சான்றிதழ்களை உள்ளே வைத்து அதன் வாயையும் தைத்தீர்கள், அதுவும் சரி. அடையாள அட்டையையும் சேர்த்து வைத்தா அப்பா தைப்பது?

வாசலிலேயே காவலர், "ஐடி எங்கம்மா?" என்றார். "இருக்கு சார், ஆனா எடுக்க முடியாது. அப்பா தைச்சிட்டார்" என்றேன். "எதை?" என்றவருக்குப் பதிலாக என் வயிற்றைக் காட்டினேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். வரிசையில் பின்னால் ஒருவர், "பிளேன் போனப்புறம் விடுவீங்களா?" என்று கத்த, பதற்றத்தில் நான், "யார்கிட்டயாவது கத்திரிக்கோல் இருக்கா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் உரக்கப் பேசியது அதுதான். இன்னும் மூன்று காவலர்கள் ஓடிவந்தார்கள்.

ஒரு பெண் அதிகாரி திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், "பல்லு நல்லாத்தானே இருக்கு? கடி" என்றார். துணி கிழிஞ்சாலும் தையல் பிரியாதுன்னு கடையில பெருமையடிப்பீங்களே, அது சத்தியம்ப்பா, என் கடைவாய்ப் பல் சாட்சி. ஓரத்தில் மூன்று விரல் அகலம் பிரித்து அட்டையை உருவினேன். "படத்துல வேற மாதிரி இருக்கியே?" "அப்போ பயந்திருந்தேன் மேடம்." "இப்போ?" "இப்பவும்தான். இது வேற பயம்." பிறகு கைக்கருவியால் தடவினார், அது பை மேல் வந்ததும் அலறியது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? தைக்கும்போது விரலில் மாட்டுவீர்களே, அந்த இரும்புத் தொப்பி. மூன்று நாளாக அதைத் தேடி அம்மாவைத் திட்டியது போதும்.

அம்மாவுக்கே காட்டாத என் டைரியைக்கூடப் பெட்டிகளைச் சோதிக்கும் மெஷின் உள்ளே வாங்கி ஊடுருவிப் பார்த்துவிட்டது. மானம் கப்பலேறிவிட்டது, நான்தான் இன்னும் விமானம் ஏறவில்லை. தயவுசெய்து இனி எனக்கு எதையும் தைக்காதீர்கள். இந்தக் குர்தாவைப் போய் இறங்கியதும் கடாசிவிடுவேன். அம்மாவுக்கு என் அன்பும், உங்களுக்கு என் கோபம் கலந்த வணக்கமும்.

உங்கள் மகள்

பி.கு.: இதை நேற்று தபாலில் போடவில்லை, நல்லதாயிற்று. காலைப் பேருந்தில் நெரிசல் என்றார்கள். உங்கள் புத்திதானே எனக்கும், அதே குர்தாவைப் போட்டு, பிரிந்த ஓரத்தை நானே தைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கே மேலாளர், "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுத்துடும்மா, மூணு வருஷம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்றார். என்னோடு சேர்ந்த இருவரும் நீட்டிவிட்டார்கள். எனக்கு மறுத்துப் பேச வராது. "உடம்போட சேர்த்துத் தைச்சிருக்கு சார்" என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "ஜெராக்ஸ் போதும்" என்றார். சேர்ந்துவிட்டேன் அப்பா. இதே அளவில் இன்னும் இரண்டு தைத்து அனுப்புங்கள்; அடையாள அட்டைக்கு மட்டும் வெளியே ஒரு பை. தொப்பியைத் திருப்பிக் கேட்காதீர்கள், எனக்கு வேண்டும்.