பக்கத்து நாற்காலி மிஸ்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். பகலில் நான் வீட்டில் இல்லாததால் உங்கள் தங்கை சற்றுக் கூடுதலாகவே சுகம்.

விஷயம் என்னவென்றால், எனக்கு உடனே வேறு வேலை பார்த்துத் தர வேண்டும். "தபாலாபீஸ்ல முத்திரை குத்தின கைக்கு இதெல்லாம் ஜுஜுபி, பிள்ளை பக்கத்துல சும்மா உட்கார்ந்தா போதும்" என்று நீங்கள் சேர்த்துவிட்ட கற்றல் உதவியாளர் வேலையைத்தான் சொல்கிறேன். என்னிடம் ஒப்படைத்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். கெட்டிக்காரி. ஆனால் எழுத்தெல்லாம் அவள் கண்முன்னே இடம் மாறி ஓடுமாம். அதனால் பக்கத்தின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை விரித்து, வரிக்குக் கீழே ஸ்கேலைப் பிடித்து, கேள்வியை மெதுவாக வாசித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் நான் வாயைத் திறக்குமுன்பே, "வேணாம் சார், அந்த மிஸ் வாசிச்சுட்டாங்க" என்றாள். எந்த மிஸ்? தனக்கு அந்தப் பக்கம் கிடந்த காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். விளையாட்டுப் பிள்ளை என்று விட்டேன். ஆனா மச்சான், விடை சரியா இருந்துச்சு. மறுநாள் நான் ஸ்கேலை வைக்கிறேன், அது தானா ஒரு வரி கீழே நகருது. மேலே தள்ளினா, திரும்பவும் கீழே. உத்துப் பார்த்தா, நான்தான் தப்பான வரியில வச்சிருக்கேன்! பேய்கிட்ட திருத்தம் வாங்கினது உங்க மாப்பிள்ளை ஒருத்தனாத்தான் இருக்கும். கணக்கு டீச்சர்கூட அந்த நாற்காலியைச் சுத்திக்கிட்டுதான் நடக்கிறாங்க. ஏன்னு கேட்டா, "அங்க மட்டும் குளிருது சார்"ங்கிறாங்க. தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு தலைமையாசிரியை அறைக்குப் போய், "எனக்கு முன்னாடி இருந்த மிஸ் எப்படி இறந்தாங்க?"ன்னு கேட்டுட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு மாதிரியா பார்த்து, "உங்களுக்கு முன்னாடி யாருமே இல்லையே சார். இந்த வேலையையே இப்பதானே புதுசா போட்டோம்"னாங்க.

பயம்கூடப் பரவாயில்லை மச்சான், வயிறு எரியுது. நேத்து அந்தப் பொண்ணு எழுந்து நின்னு ஒரு பக்கம் முழுக்கத் திக்காம சத்தமா வாசிச்சா. வகுப்பே கை தட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நம்மளைப் பார்த்துச் சிரிப்பான்னு நான் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அவ அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறா!

ஆகவே, வாசலில் காவல் காக்கும் வேலையானாலும் சரி, தயவு பண்ணவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பக்கத்தில் யாரும் உட்கார வேண்டிய அவசியமின்றி வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன், அந்த மிஸ் யாரென்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அவள் அந்தப் பக்கம் சாய்ந்து காது கொடுத்துவிட்டு, "உங்களுக்கு அப்புறம் வரப்போற மிஸ்ஸாம் சார். நீங்க போனதும் வந்துடுவாங்களாம். இப்போ வேலை பழகிக்கிறாங்களாம்" என்றாள். 'போனதும்' என்றால் வேலையை விட்டா, உலகத்தை விட்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சான், வேறு வேலை எதுவும் பார்க்க வேண்டாம். காய்ச்சல் அடித்தாலும் இனி நான் லீவு போடுவதாக இல்லை.