சிட்டு குறித்து ஒரு விளக்கம்

அந்த நிகழ்ச்சிக்கு முன்பு என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பிறகு சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். நான் பட்டதாரி. கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கோயில் நிர்வாகக் குழுவின் தலைவன். யாங்கோன் ஆற்றங்கரைப் போட்டாதாங்கில் நான் குடியிருக்கும் தெருவில் இருவர் வந்தால் மட்டுமே தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒருவர் பக்கத்து மடாலயத்துப் பிக்கு, மற்றவன் நான். (பிக்கு அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் பொருட்படுத்துவேன்.)

என் மனைவி லட்சுமி காலமான பிறகும் என்னைப் பற்றி ஒரு பேச்சு எழுந்ததில்லை. எழ வழியில்லை, நான் எவரோடும் பேசுவதே இல்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இங்கே மின்சாரமும் இணையமும் ஒருசேர மனமிரங்கும் வேளைகளில் அழைப்பான். மற்றபடி என் வீட்டில் மனிதக் குரல் கேட்க வேண்டுமானால் நான் வானொலியோடு வாதம் செய்தாக வேண்டும். (செய்வேன். செய்தி வாசிப்பவர்களின் இலக்கணம் அப்படி.)

ஓர் ஆடவன் ஒரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்தான் என்று தெரிந்ததும், மற்றப் பெண்கள் பார்த்தவனை விட்டுவிட்டுப் பார்க்கப்பட்டவளின் மூக்கையும் நெற்றியையும் ஏன் அளக்கப் போகிறார்கள்? கல்லூரி நாட்களிலேயே இக்கேள்விக்குப் 'பொறாமை' என்று ஒரே சொல்லில் விடை கண்டு, எனக்கு நானே முழு மதிப்பெண்ணும் அளித்திருந்தேன். அந்த விடை தவறு என்பது எழுபது வயதுக்கு மேல், என் வீட்டுக் கூடத்தில், ஒரு தட்டு உப்புமாவின் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது.

யாங்கோனின் பழைய கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. ஆகவே ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழ்முனையில் ஒரு கவ்வி. மேல்முனையில் ஒரு சிறு மணி. செய்தித்தாள்காரர் கவ்வியில் தாளைச் செருகிக் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ள வேண்டியது. என் வீடு மூன்றாம் மாடி. என் கயிற்றைக் காலைதோறும் இழுத்தவர் டோ மியா யீ. ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் பிறந்தவர், கணவரை இழந்தவர், தெருமுனையில் மொகிங்கா விற்பவர். (மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை. லட்சுமி இருந்தவரை நான் அதைத் தெருவில் வாங்கி உண்டதில்லை. கௌரவம்.)

நான் தூக்குவாளியை இறக்குவேன். அதனுடன் ஒரு சிட்டும் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதும் குறிப்புக்குச் சிட்டு என்றே பெயர். லட்சுமியும் வீட்டில் அப்படியே சொல்லிப் பழகியிருந்தாள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. எனவே 'உப்புக் குறைவாக, முட்டை ஒன்று' என்று பர்மிய எழுத்தில் அழகாக எழுதியிருப்பேன். தினமும் அதேதான். அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். எழுத்து மூலம் தெரிவிப்பது என் வழக்கம்.

வாளியை நிரப்பிய பிறகு அவர் நிமிர்ந்து, "சயாஜீ, ஸா பீ பீ லா?" என்று குரல் கொடுப்பார். பெரியவரே, சாப்பிட்டாயிற்றா என்று பொருள். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் சாதாரண விசாரிப்பு. சாப்பாட்டை இப்போதுதான் கொடுத்துவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதில் தர்க்கம் இல்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் பகல் முழுவதிலும் என்னை நோக்கி ஒருவர் கேட்கும் கேள்வி அது ஒன்றே. அதற்காக நான் சவரம் செய்துகொண்டு பால்கனிக்கு வர ஆரம்பித்தேன். இதில் தவறில்லை.

அந்தக் காலையில் ஆற்றுக்காற்று பலமாக இருந்தது. சிட்டு கவ்வியிலிருந்து நழுவி வாளியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் காணாமல், வேறு யாருக்கோ ஊற்றுவதுபோல மீன்சாற்றைத் தாராளமாக விடத் தொடங்கினார். என் இரத்த அழுத்தம் ஊற்றும்போதே ஏறியது. 'சிட்டு இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். 'உடன் இருக்கிறது' என்பதற்குப் பர்மியத்தில் 'பா தே' என்பார்கள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அலுவலகத்தில் மாடி விட்டு மாடி கூப்பிட்டுப் பழகிய குரலில், தெரு முழுவதும் கேட்க முழங்கினேன்:

"சிட் பா தே! டோ மியா யீ! சிட் பா தே!"

பர்மிய மொழியில் 'சிட்' என்றால் காதல். 'சிட் பா தே' என்றால், பணிவோடு, நான் உங்களைக் காதலிக்கிறேன்.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்தச் சொல்லும் தெரியும், இந்தச் சொல்லும் தெரியும். இரண்டும் ஒரே ஓசை என்பது மட்டும் அன்றுவரை என் கவனத்துக்கு வரவில்லை. ஒன்றை நான் அலுவலகத்தில் பயன்படுத்தினேன். மற்றதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. (லட்சுமிக்கும் எனக்கும் பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம்.)

தெரு நின்றது. தேநீர்க்கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. டோ மியா யீ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்து, அதே உரத்த குரலில் கேட்டார்:

"முட்டையோடயா சயாஜீ, முட்டை இல்லாமலா?"

தெரு சிரித்த சிரிப்பு ஆறு கடந்து கேட்டிருக்கும். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மணி அடித்தது. நான் கயிற்றை இழுக்கவில்லை. மொகிங்கா பிற்பகல்வரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே உப்புமா வந்தது. கொண்டுவந்தவர் இரண்டாம் மாடி பார்வதியம்மாள். லட்சுமியின் உயிர்த்தோழி, அவர் கணவர் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சாய்வு நாற்காலியில் உறங்குவதை முழுநேரப் பணியாகச் செய்பவர். உடன் வந்தவர் கீழ்த்தளத்து ரோசலின். மிஷன் பள்ளி ஆசிரியர் மகள், தட்டச்சராக இருந்தவர். என்னை அண்ணே என்பார்.

"சும்மா கிண்டினேன் தலைவரே, உங்களுக்கும் கொஞ்சம்" என்றார் பார்வதியம்மாள். (லட்சுமியின் கருமாதி முடிந்ததிலிருந்து அந்த வீட்டில் எனக்காகச் சும்மா எதுவும் கிண்டப்பட்டதில்லை.)

ரோசலின் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, எனக்கு ஒண்ணுதான் புரியல. அவகிட்ட அப்படி என்னா இருக்கு? மூக்குன்னு ஒண்ணு இருக்கா மொதல்ல? கண்ணாடி போட்டா எங்க நிக்கும்?"

"தனக்காவ கழுவிட்டு வரச் சொல்லு" என்றார் பார்வதியம்மாள். "அம்மாம் சந்தனம் மாதிரி அப்பிக்கிட்டா யாருதான் செவப்பில்ல?" (தனக்கா, இங்கே பெண்கள் கன்னத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து.)

"நெத்தியப் பாத்தியா? ஏரோப்ளேன் எறக்கலாம்."

"நடை? வாத்து சம்பான் படகுல ஏறுறாப்புல."

"இடுப்பு?"

"தேடணும்."

'சிட்டு' என்ற சொல்லின் வரலாற்றை விளக்கப் பலமுறை வாயைத் திறந்தேன். இருவருக்கும் அதில் நாட்டமில்லை. நான் என்ன செய்தேன் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அந்தப் பெண்மணி எப்படி இருக்கிறார் என்பதே வழக்கு. நான் மௌனமாக உப்புமாவை உண்டிருக்க வேண்டும். ஆனால் பிழையான ஒரு கூற்றைத் திருத்தாமல் விடும் பழக்கம் எனக்கில்லை. ஒரு காற்புள்ளிக்காகக் கடிதங்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

"மூக்கு இல்லை என்பது சரியன்று" என்றேன். "பக்கவாட்டில் பார்த்தால் எடுப்பாகவே இருக்கிறது."

பார்வதியம்மாள் ரோசலினைப் பார்த்தார்.

"பக்கவாட்டுல" என்றார் ரோசலின், அச்சொல்லைத் தட்டச்சு செய்வதுபோல ஒவ்வோர் எழுத்தாக. "மூணாவது மாடிலேர்ந்து பாத்தா மண்டைதானண்ணே தெரியும்?"

"சில நாட்களில் கயிறு சிக்கிக்கொள்ளும். இறங்கிச் சென்று எடுக்க நேரும்."

"அடிக்கடி சிக்குமோ?"

"மழையில் நனைந்தால் முறுக்கிக்கொள்ளும்."

"மழை விட்டு மாசமாச்சே அண்ணே."

முன்பே சொன்ன விடையை நான் அப்போது பயன்படுத்தினேன். சற்றுக் கடுமையாகவே சொன்னேன்: "உங்களுக்கு ஏன் இந்தப் பொறாமை?"

ரோசலின் சிரித்துவிட்டார். பார்வதியம்மாள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த லட்சுமியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறாமையா? உங்களுக்காகவா?" என்றார். "கோவிச்சுக்காதீங்க தலைவரே, உங்களுக்காக யாரும் பொறாமப்பட மாட்டாங்க. எங்க லச்சுமிக்குச் சின்ன நெத்தி. அதுக்காக முடியத் தூக்கி வாரிக்கிட்டே இருப்பா. மூக்கு கூரு. ரெண்டு மூக்குத்தி தாங்கும்." சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நான் போனப்புறம் எங்க வீட்டுக்காரரும் இந்த மாதிரிதான் ஒரு நாளு எந்திரிச்சு பால்கனியில நிப்பாரு. எவ வருவான்னு இப்பவே பாத்து வச்சுக்க வேணாமா? என்னைய மாதிரி கொஞ்சமாச்சும் இருப்பாளா, இல்ல நான் இருந்த எடமே தெரியாமப் போயிருமான்னு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் டோ மியா யீயை அழகின் பொதுவான அளவுகோலால் அளக்கவில்லை. லட்சுமியின் நெற்றி, லட்சுமியின் மூக்கு, லட்சுமியின் நடை, அளவுகோல் அதுவே. அந்தப் புதியவளிடம் எங்கேனும் தங்கள் தோழியின் சாயல் மிஞ்சியிருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்றதும் சினம் வந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் எனக்கு அளித்திருந்த முழு மதிப்பெண்ணை அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

'எவரும் வரவில்லை பார்வதி, சாப்பிட்டாயிற்றா என்று ஒரு குரல், அவ்வளவே' என்று சொல்லியிருக்கலாம். ஒரு கோயில் தலைவர் சொல்லக்கூடிய வாக்கியமாக அது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக, முறைப்படி ஒரு மறுப்பு வெளியிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை, வெளுத்த சட்டையும் கோயில் விழாவுக்கு அணியும் மேலங்கியுமாக இறங்கிச் சென்றேன். டோ மியா யீயின் அடுப்பைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் ஆட்கள் நிறைந்திருந்தனர். பார்வதியம்மாள் இரண்டாம் மாடியிலிருந்தும் ரோசலின் வாசலிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தனர். என் மிகச் சிறந்த பர்மியத்தில் தொடங்கினேன்.

"நேற்று நான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. நான் 'சிட் பா தே' என்று சொல்லவில்லை. 'சிட் பா தே' என்றுதான் சொன்னேன்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பொருள் விளங்கவில்லை போலும் என்று கருதி, இன்னும் தெளிவாக உச்சரித்தேன். "அந்த 'சிட் பா தே' வேறு. இந்த 'சிட் பா தே' வேறு."

சைக்கா ரிக்‌ஷா ஓட்டும் ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அக்கா, இவரு விடமாட்டாரு போல. சம்மதம்னு சொல்லிடு. எங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு."

முக்காலிகள் சரிந்தன. டோ மியா யீ கண்ணில் நீர் வரச் சிரித்தார். தனக்கா கன்னத்தில் கோடு கோடாகக் கரைந்தது. அந்த அளவில் நான் திரும்பியிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும். ஆனால் விளக்கம் இன்னும் முழுமையாகவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டை எடுத்து உயர்த்திக் காட்டி, குரலைக் கடுமையாக்கிச் சொன்னேன்: "இது வெறும் காகிதம். நான் குறிப்பிட்டது இதை. உங்களைப் பற்றி என் மனத்தில் எந்த எண்ணமும் இல்லை. இருக்கவும் முடியாது. என் நிலை வேறு."

அவர் சிரிப்பு நின்றது.

"தெரியும் சயாஜீ" என்றார் மெதுவாக. "தினம் வர்ற சீட்டு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு போனப்புறம் வெளையாட்டுக்குக்கூட யாரும் என்னைய அப்படிச் சொன்னதில்ல. தெருவே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். சரி. காகிதந்தான்." அகப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

மேலே பார்த்தேன். பார்வதியம்மாள் உள்ளே போய்விட்டிருந்தார். வாசலில் ரோசலின் என்னைக் கடந்தபோது, "மூக்கு எடுப்பாத்தான் இருக்கு அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அந்த விளக்கம் அவசியமானது என்றே இன்றும் கருதுகிறேன். அதன் பயனாக என் தலைவர் பதவிக்கு ஊறு ஏதும் நேரவில்லை. மறுநாளிலிருந்து வாளி நிறைந்தது, மணி அடித்தது, உப்புக் குறைவாகவே இருந்தது. 'ஸா பீ பீ லா' மட்டும் வரவில்லை. சில வாரங்கள் சவரம் செய்துகொண்டு காத்திருந்தேன். பொங்கல் கழிந்து ஒரு காலையில் மணியும் அடிக்கவில்லை. தெருமுனையில் அவர் அடுப்பு இருந்த இடத்தில் ஒருவர் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்.

செய்தி ரோசலின் வழியாகச் சிங்கப்பூரை எட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை, பர்மியம் அறவே இல்லை, ஆனால் ஒவ்வோர் அழைப்பின் இறுதியிலும் இருவரும் சேர்ந்து "சிட் பா தே, தாத்தா!" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். பின்னாலிருந்து மகன் சிரிப்பதும் கேட்கிறது. நான் "சரி" என்று பதில் சொல்கிறேன். எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்டதில்லை.

டோ மியா யீ படகுத்துறைப் பக்கத்துச் சந்துக்குக் கடையை மாற்றிக்கொண்டதாகவும், நான் காலைதோறும் உலாவப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவரைப் பார்க்கவே அங்கே செல்வதாகவும் எங்கள் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் அங்கே இல்லை.