ஞானக்கண் சொன்ன தொண்ணூற்றேழு வீதம்

வாணி உயர்கல்விக் கழகத்தின் மண்டப வாசலில் அன்று காலை எட்டு மணிக்கே விரிவுரையாளர்கள் வரிசையில் நின்றார்கள். மருதனார்மட ஆஞ்சநேயருக்குச் சனிக்கிழமைகளில் நிற்கும் வரிசை மாதிரித்தான். கையில் வடைமாலைக்குப் பதிலாக மாணவர்களின் ஆய்வுக்கட்டுரைகள். பத்து மணி வகுப்புக்குப் பத்தரைக்கு வருகிறவர்கள் கூட நேரத்தோடு வந்திருந்தார்கள். உள்ளே கலாநிதி பஞ்சலிங்கம் இருந்தார்.

எதில் கலாநிதி என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் கூடும் இடத்தில் அப்படியான கேள்விகள் வருவதில்லை. விரிவுரையாளர்களின் செயற்கை நுண்ணறிவு பற்றிய அறிவை அளந்து மேம்படுத்த மூன்று நாள் பட்டறை நடத்துகிறார் என்று பதாகை சொன்னது. முதல் நாள் அளந்தார். இருபது கேள்விகள், விடைகளைத் திரையில் போட்டுவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேருக்கும் நூறு வீதம். இரண்டாம் நாள் மேம்படுத்தினார். சான்றிதழும் தேநீரோடு தின்ன ரோல்ஸும் ஒரே நேரத்தில் வந்தன. ரோல்ஸுக்குத்தான் கொஞ்சம் தள்ளுமுள்ளு. மூன்றாம் நாள் ஞானக்கண்ணைத் திறந்தார்.

ஞானக்கண் ஒரு மென்பொருள். கட்டுரையைக் கொடுத்தால், பிள்ளை எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று வீதக் கணக்கில் சொல்லுமாம். மடிக்கணினி சிவப்புத் துணி விரித்த மேசையில் இருந்தது. அதன் மூடியில் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கணினித்துறைத் தலைவர் என்று பிறகு தெரிந்தது.

விவசாயப் பொருளியல் படிப்பிக்கும் குணலட்சுமி வரிசையில் பதினோராவதாக நின்றார்.

"யாற்றை கட்டுரை, மிஸ்?" என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

"தர்சிகா எண்டு, கரவெட்டிப் பிள்ளை. வெங்காயச் செய்கையைப் பற்றி."

"வகுப்பிலை எப்பிடி?"

"வாய் திறக்காது. பின் வாங்கிலை இருக்கும்."

"முந்தி எழுதினதுகள்?"

"சுமார்தான், சேர். இது திடீரெண்டு நல்லா வந்திருக்கு."

பஞ்சலிங்கம் கண்ணை மூடித் திறந்தார். வலது ஓரத்தில் ஒரு விசையைத் தட்டினார். சிவப்பு வட்டம் ஒன்று சுழன்று நின்றது. இயந்திரம்: தொண்ணூற்றேழு வீதம்.

"உங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்ததெல்லோ?"

"ஓம், கொஞ்சம் இருந்தது."

"அதைத்தான் உது சொல்லுது."

மூன்று நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். குணலட்சுமி தலையாட்டிவிட்டு அறிக்கையில் கையெழுத்து வைத்தார். ஆய்வுக்கட்டுரை நிராகரிப்பு, பட்டம் நிறுத்திவைப்பு.

திங்கட்கிழமை தர்சிகா அவருடைய அறைக்கு வந்தாள். அழவில்லை. புடவைக்கடைப் பை ஒன்றிலிருந்து ஆறு கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். வெங்காயம் செய்யும் நாற்பத்திரண்டு கமக்காரர்களிடம் தோட்டத்திலேயே கேட்டு எழுதியவை. சில பக்கங்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

"என்னைக் கேள்வி கேளுங்கோ, மிஸ். அடுத்த மாதம் விவசாயத் திணைக்கள வேலைக்கு விண்ணப்பம் போடவேணும். பட்டம் இல்லாட்டி ஏலாது."

குணலட்சுமி கேட்டார். மழைக்குப் பிறகு வரும் அழுகலைப் பற்றி, விதை வெங்காயத்தைப் பற்றி. வாய் திறக்காத பிள்ளை ஒரு மணித்தியாலம் கதைத்தது.

"ஏன் பிள்ளை, வகுப்பிலை ஒண்டும் கதைக்கிறேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, மிஸ்."

பிறகு அவளே சொன்னாள். "ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் ஏஐயிட்டைக் குடுத்துத் திருத்தினனான். அதைக் கடைசிப் பக்கத்திலை எழுதியிருக்கிறன்."

குணலட்சுமி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எழுதித்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் வரை வந்ததே இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. கலியாணத்துக்கு முந்தி அம்மாவோடு சாதகம் பார்க்கச் சாத்திரியிடம் போனது ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் குழம்பினதோ என்று சாத்திரி கேட்டார். அம்மா எல்லாவற்றையும் கொட்டினார். சாத்திரி அதையே ஏட்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட, குணலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று சிரித்த அதே ஆள்தான் போன கிழமை வரிசையில் பதினோராவதாக நின்றது.

புதன்கிழமை ஞானக்கண்ணுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். பணிப்பாளர் கனகலிங்கம் பேனையைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பேரும் மண்டபத்தில். குணலட்சுமி எழும்பினார்.

"சேர், கையெழுத்து வைக்க முதல் ரெண்டு கட்டுரை பாக்க வேணும்."

முதலாவதை நீட்டினார். "இது ஜெயசுதன்ரை. வகுப்புக்கு வாறேல்லை, எந்நேரமும் ஃபோன்தான்."

பஞ்சலிங்கம் அனுதாபத்தோடு வலது விசையைத் தட்டினார். தொண்ணூற்றாறு.

"இது மதுராவின்ரை. எல்லாப் பாடத்திலையும் முதலாம் பிள்ளை."

இடது விசை. பச்சை வட்டம். நான்கு.

"பணிப்பாளர் சேர், ரெண்டையும் ஒருக்கால் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ."

கனகலிங்கம் கண்ணாடியைப் போட்டார். முதலாவதின் தலைப்பைப் பார்த்தார். இரண்டாவதின் தலைப்பையும் பார்த்துப் பக்கங்களை ஒத்துப் புரட்டினார். திரும்ப முதலாவதை எடுத்தார்.

"ரெண்டும் ஒண்டெல்லோ?"

பஞ்சலிங்கம் அசையவில்லை. "அப்ப ரெண்டாவது பிள்ளையும் களவுதான். கெட்டிக்காரர் எண்டால் ஞானக்கண்ணுக்கும் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

மண்டபம் தலையாட்டியது. நூறு வீதம் எடுத்தவர்கள் அல்லவா.

"சேர், மேலை வெங்காயம் எண்டு தலைப்பு. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பலத்து வாசியுங்கோ" என்றார் குணலட்சுமி.

கனகலிங்கம் வாசித்தார். "மானிப்பாயைப் பிறப்பிடமாகக் கொண்ட அன்னார், இல்லறத்தை நல்லறமாக நடத்தி, ஆறு மக்களைப் பெற்று, பங்குனித் திங்களில் சிவபதம் அடைந்தார்." நிமிர்ந்தார். "மிஸ், இது செத்தவைக்கு அடிக்கிற கல்வெட்டெல்லோ?"

"ஓம். என்ரை மாமாவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு அடிச்சது." பையிலிருந்து பழுப்பேறிய புத்தகத்தை எடுத்து அட்டையைக் காட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. "அப்ப மானிப்பாயிலை ஏஐ இருக்கேல்லை. கறண்டே ஒழுங்காய் இருக்கேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. தாங்கள் இதுவரை கையெழுத்து வைத்த பிள்ளைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலும். குணலட்சுமி மேசைக்குப் போனார். கட்டுரை எதுவும் கொடுக்காமல் வலது விசையைத் தட்டினார். தொண்ணூற்றைந்து. இடது. ஆறு. திரும்ப வலது. தொண்ணூற்றெட்டு.

"உதுக்குக் கண் இல்லை, சேர். எங்கடை வாய்தான். பிள்ளை எப்பிடியெண்டு இவர் எங்களைக் கேட்டார், நாங்கள் சொன்னம், அதை நிறத்திலை திருப்பிக் காட்டினார்."

பஞ்சலிங்கம் இணைய இணைப்பைக் குறை சொன்னார். பிறகு அவசரமாக ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னார். தேநீர் பாதியில் இருந்தது. சிவப்புத் துணியையும் விட்டுவிட்டே போனார்.

கனகலிங்கம் ஒப்பந்தத்தைக் கிழித்தார். தர்சிகாவின் பட்டத்தை விடுவிக்கும் கடிதத்தில் அதே பேனையால் கையெழுத்து வைத்தார். குணலட்சுமி அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார்; அதையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

"அப்ப மிஸ், இனி என்னண்டு கண்டுபிடிக்கிறது?" என்று கனகலிங்கம் கேட்டார்.

"கட்டுரையை வாசிப்பம். வாசிச்சிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பம்."

மண்டபம் அதிர்ந்துபோனது. பஞ்சலிங்கம் பிடிபட்டபோது கூட இவ்வளவு அதிரவில்லை. கடைசி வரிசையில் கணினித்துறைத் தலைவர் மெல்லக் கையை உயர்த்தினார்.

"முழுக்க வாசிக்க வேணுமோ?"

முப்பத்தெட்டுச் சான்றிதழ்களும் இன்னும் அங்கே சுவரில்தான் தொங்குகின்றன. தங்களுக்காக யோசிக்க ஓர் இயந்திரம் தேடுகிறவர்கள், அதை வாங்குவதற்கு முன்னாவது ஒருமுறை தாங்களே யோசித்துப் பார்க்கலாம்.