கேரவனுக்குப் பாடு வைத்த கதை

நாற்பத்தெட்டு வயதில் ஆணுக்கு ஞானம் வரும் என்கிறார்கள். எனக்கு ஆசைதான் வந்தது. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கதவு. அதற்குப் பின்னால் நான். வேறு யாரும் இல்லை.

பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் எட்டுக் கட்டில் போட்ட கேபினில் இருந்தேன். விளக்கை அணைத்துவிட்டால், எந்தக் குறட்டை யாருடையது என்று பெயரோடு சொல்வேன். ஊருக்குப் போனால் நிம்மதியாக உட்கார்ந்து யோசிக்கலாம் என்று திரும்பி வந்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால், "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று தெருவே உள்ளே வந்துவிடும்.

அப்போதுதான் மீஞ்சூர் போகிற வழியில், பழைய இரும்புக் கடையில், அதைப் பார்த்தேன். கேரவன். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற பஸ் சைஸ் இல்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன வண்டி. அலுமினிய உடம்பு. முட்டை போல் வளைந்த மூலைகள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கை கழுவும் தொட்டி, அடைகாக்கும் ஒரு கோழி. எப்போதோ துறைமுக வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனதாம். என்னைவிட இரண்டு வயது மூத்தது. மேலே எல்லாம் உதிர்ந்து, கீழே எல்லாம் இறுகி, பார்த்தவுடன் உறவு தெரிந்தது.

டிராக்டரில் கட்டி ஊருக்குள் இழுத்து வந்தபோது, "எந்த நடிகர் வராரு?" என்று பிள்ளைகள் ஓடி வந்தன. கதவு திறந்தது. நான் இறங்கினேன். இதற்குக் கோழியே இறங்கியிருக்கலாம் என்பது போல் பார்த்துவிட்டுக் கலைந்து போயின.

என் மனைவி லோகநாயகி இடுப்பில் கை வைத்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இன்னாங்க இது?"

"கேரவன்."

"தெரியுது. எதுக்கு?"

"நம்ம குடும்பத்துக்குதான். எல்லாரும் சேந்து ரிப்பேர் பண்ணுவோம். வெளிநாட்டுல குடும்பம் குடும்பமா இதைத்தான் பண்றாங்க. பாசம் வளருமாம்."

"பத்தொன்பது வருசம் கேபின்ல கெடந்துட்டு வந்தீங்க. இங்க வந்து இன்னொரு கேபினா?"

"இது வேற. இதுல சக்கரம் கீது."

"அப்போ எங்கியோ போறதுக்குதான்."

"நான் எங்க போவப் போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

நான் ஊரில் தமிழிலும் சூளூர்ப்பேட்டையில் தெலுங்கிலும் படித்தவன். லோகநாயகியிடம் இரண்டிலும் தோற்றிருக்கிறேன். பேச்சை மாற்றினேன்.

என் திட்டம் எளிமையானது. வண்டியைச் சரி செய்து, சவுக்குத் தோப்பு ஓரமாக ஏரியைப் பார்த்து நிறுத்துவது. மதியம் சாப்பிட்டதும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வது. அவ்வளவுதான். ஆனால் நான் ஆணி அடித்தால் அது என் விரலில்தான் இறங்கும். வேலைக்கு ஆள் வேண்டும். சும்மா யார் வருவார்கள்?

எங்கள் ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் உன் பாடுதான். கொம்பனாக இருந்தாலும் குறுக்கே வரமுடியாது.

நான் அறிவித்தேன்: "கேரவனுக்கும் பாடு வைக்கிறேன். வேலைக்கு வர்ற வூட்டுக்கெல்லாம் முறை உண்டு. முறைக்கு ஒரு முழு நாள்."

இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒன்று, லோகநாயகியின் தம்பி ரஞ்சித்குமார் வீடு. அவன் ஃபைபர் படகு ரிப்பேர் பார்ப்பவன். இன்னொன்று, பக்கத்து வீட்டு மாரியும் அவள் புருஷன் உலகநாதனும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கடலுக்குப் போகிற ஆம்பிளைகள் தகர டப்பாவுக்குள் வந்து உட்காருவார்களா? இரண்டு முறை வருவார்கள், மூன்றாவது முறை மறந்துவிடுவார்கள். அப்புறம் எல்லா நாளும் என் நாள்.

ரஞ்சித்குமார்தான் ஒரு கல்லைப் போட்டான்.

"மாமா, எங்க வூட்ல நானு, நைனா, சுதா, மூணு பேர் வேலை செய்றோம். எங்களுக்கு மூணு சீட்டு."

பதறிவிட்டேன். "ஏரியில அப்படித்தான் பண்றீங்களா? ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பேருதான். பத்துப் பேர் இருந்தாலும் ஒரு வூட்டுக்கு ஒரு பேரு!"

"கரெக்டா சொன்னாரு," என்றாள் லோகநாயகி. "ஒரு வூட்டுக்கு ஒரே பேரு. எல்லாரும் கேட்டுக்கினீங்களா?"

மனைவி எல்லார் முன்னாலும் நம் பக்கம் பேசினால் உடனே உஷாராகிவிட வேண்டும். பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்ததால் இந்தப் பாடத்தை நான் படிக்காமல் விட்டுவிட்டேன்.

வேலை ஆரம்பமானது. வழிகாட்டி, என் போனில் ஒரு வெள்ளைக்காரர் வீடியோ. அவர் பத்து நிமிடத்தில் கூரையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபி குடித்தார். எனக்கு முதல் ஸ்குரூ கழலவே மூன்று நாள் ஆனது. கழன்றது ஸ்குரூ இல்லை, அதன் தலை மட்டும்.

"தள்ளு மாமா," என்று ரஞ்சித்குமார் மேலே ஏறினான். படகில் ஓட்டை அடைக்கிற மாதிரி ஃபைபர் மேட்டை விரித்து ரெசினை ஊற்றித் தடவினான். ஒழுகல் நின்றது.

"வீடியோல இப்படி இல்லியேடா."

"வீடியோல நம்ம ஊர் உப்புக் காத்தும் இல்லியே மாமா."

அதற்குள் கடலில் மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று ஆம்பிளைகள் எல்லாம் படகேறிவிட்டார்கள். மிச்ச வேலை பொம்பளைகள் தலையில். ரஞ்சித்குமாரின் மனைவி சுதா உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கை கொப்பளித்தாள். ஜன்னலுக்குத் தன் புடவையைக் கிழித்துத் திரை தைத்தாள். மாரி வெளியுடம்பைத் துலக்கினாள். "இவ்ளோ பெரிய குண்டானை நான் தேச்சதே இல்லணா," என்றாள். லோகநாயகி உளுத்த பலகையெல்லாம் பிடுங்கி, புதுசு அறுத்து அடித்தாள். நான் வெயில் படாமல் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோ காட்டினேன். கை கடுத்துவிட்டது.

லோகநாயகி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உள்தாழ்ப்பாள் மட்டும் நல்ல கெட்டியானதா வாங்கிப் போடுங்க."

"ஏன்?"

"காத்துல கதவு தொறந்துக்கப் போவுது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானே எப்படிக் கேட்பது என்று முழித்துக்கொண்டிருந்த விஷயம்! பொன்னேரி போய், இருப்பதிலேயே பெரிய பித்தளைத் தாழ்ப்பாளாக வாங்கி வந்து, என் கையாலேயே மாட்டினேன்.

வேலை முடிந்து, வண்டி சவுக்குத் தோப்பு ஓரமாகப் போய் நின்றது. சீட்டுப் போடுகிற நாள் வந்தது. லோகநாயகி எழுதி, சுருட்டி, சொம்புக்குள் போட்டுக் குலுக்கினாள். மாரி எடுத்தாள்.

முதல் சீட்டு: மாரி.

இரண்டாவது: சுதா.

"இரு, இரு. பேரு மாறிப்போயிருக்கு. உலகநாதன் எங்க? ரஞ்சித்குமார் எங்க?"

"யாரு தேச்சாங்களோ அவங்க பேரு. அவங்கவங்க வூட்ல கேட்டுத்தான் எழுதினேன்."

மூன்றாவது: லோகநாயகி.

"நம்ம வூட்டுக்கு நான்தானே தலைக்கட்டு?"

"உங்ககிட்டயும் கேக்கத்தான் வந்தேன். போன்ல வீடியோ பாத்துக்கினு இருந்தீங்க. எதுவா இருந்தாலும் நீயே எழுதிக்கோனு கையாட்டினீங்க."

"என் பேரையும் சேத்துடேன். நானும் வேலை செஞ்சேனே!"

"தாழ்ப்பாள் போட்டீங்க. யாரும் இல்லைனு சொல்லல. ஆனா ஒரு வூட்டுக்கு ஒரே பேருதானே?" என்றாள். மாரியும் சுதாவும் வாய்க்குள் புடவையைச் செருகிக்கொண்டார்கள்.

போகட்டும், அந்த வண்டிக்குள் இவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள், சலித்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் நாள் மாரி தலையணையோடு வந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. சாயங்காலம் வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தாள்.

"இன்னா பண்ண உள்ள?"

"ஒண்ணும் பண்ணலணா. அதான் பண்ணேன்."

இரண்டாம் நாள் சுதா. அன்றைக்கு ரஞ்சித்குமாரே வைத்த குழம்பின் வாசனைக்கு நாய்கள் எழுந்து போய்விட்டன.

மூன்றாம் நாள் லோகநாயகி. "சோறு வடிச்சாச்சு. மீனைக் கழுவி வறுத்துக்கோங்க. துணி காஞ்சா எடுத்து வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீனை வறுத்தேன். துணியை எடுத்தேன். நடுவில் நான்கு பேர் வந்து, லோகா எங்கே என்று விசாரித்துவிட்டு, பதில் கேட்காமலே உட்கார்ந்து பேசினார்கள். இந்த வீட்டில் இவள் பத்தொன்பது வருடம் இப்படித்தான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தது, ஆனாலும் ஆசை விடவில்லை. சவுக்குத் தோப்புக்குப் போய்க் கதவை மெதுவாகத் தட்டினேன்.

"லோகா?"

இன்னொரு தரம் தட்டினேன்.

"நான்தான். அஞ்சே நிமிசம். ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போயிடறேன். வாயே தொறக்க மாட்டேன். ஏரி தெரியுதா அந்த ஜன்னல்ல? காத்து வருதா? மெத்தை சரியா கீதா? கட்டில் காலு ஆடுதா? ஆடினா சொல்லு, வீடியோ கீது. லோகா, தூங்கறியா? உள்ள எப்படித்தான் கீது, அதையாவது சொல்லேன்!"

திரை ஒரு விரல் அளவு விலகியது.

"ரொம்ப நல்லா கீதுங்க. வெளியில ஒரு ஆளு பேசிக்கினே கீறாரு. அவரு போயிட்டா இன்னும் நல்லா இருக்கும்."